படத்தில் இல்லாத சைக்கிள்

செமோர்
10 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய எழுத்தாளர் ஷரபுதீன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் பிரமிளா. செமோருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்டுப் பதிப்பகத்தை நச்சரித்தேன். "போனில் பேச மாட்டார், காம்பாரில் இருக்கும் அவர் சாப்பாட்டுக் கடைக்கே எழுதிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். கடிதம் எழுதி எத்தனை வருஷமாயிற்று! அஞ்சல்தலை எங்கே விற்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் 'துணிமூட்டைக்காரர்' நாவலையும், அதை வைத்து எடுத்த 'கண் திறந்தாள் மகள்' தொலைக்காட்சிப் படத்தையும் ஒப்பிட்டுப் பாடம் நடத்துகிறேன். முதலில் ஓர் அத்தியாயத்தை வாசித்துத் தங்கள் மனத்தில் தெரிந்ததைப் படம் வரைவார்கள். பிறகு அதே இடத்தைத் திரையில் போட்டுக் காட்டுவேன். புத்தகத்தில் மட்டும் இருப்பதை மஞ்சள் அட்டையிலும், படத்தில் மட்டும் இருப்பதை நீல அட்டையிலும் எழுதி ஒட்ட வேண்டும். எது நல்லது என்று கேட்கக் கூடாது, ஏன் மாற்றினார்கள் என்றுதான் கேட்க வேண்டும் என்பது என் வகுப்பின் சட்டம்.

சட்டம் போட்ட நானே இப்போது மாட்டிக்கொண்டேன். புத்தகத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் சிறுமி மாரியம்மாவுக்கு வலிப்பு வந்து மயங்கிக் கிடக்கும்போது, சைக்கிளில் துணி விற்க வந்த பாய் மூட்டையை மழையில் போட்டுவிட்டு, அவளைக் கைலியால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மிதிக்கிறார். மருந்து கொடுக்கிறார்கள், பிழைத்துக்கொள்கிறாள். படத்தில் பாயே இல்லை. அம்மா அவளை மரத்தடி முனீஸ்வரர் முன்னால் கிடத்தி அழுகிறாள், அவள் கண் திறக்கிறாள். பாய் எங்கே போனார் என்று வகுப்பே என்னைக் கேட்கிறது. "சம்பளம் அதிகமா கேட்டிருப்பாரு டீச்சர்" என்றான் தீபன். "சைக்கிள் வாடகைக்குக் கெடைச்சிருக்காது லா" என்றான் இன்னொருவன். எழுதியவரையே கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வரி எழுதினாலும் போதும் ஐயா. வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
பிரமிளா


காம்பார்
17 ஏப்ரல் 2025

ஆசிரியை பிரமிளா அவர்களுக்கு,

தொலைபேசியில் நான் பேசாததற்குக் காரணம் கர்வம் இல்லை. நாற்பது வருஷமாகக் கடைச் சத்தத்தில் கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலே சண்டை பிடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். எழுதும்போது கொஞ்சம் மரியாதையாக இருப்பேன்.

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். படம் எடுத்தவர் என் கடைக்கு வந்தார். ஆட்டுக்கறி ருசியாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "பாய் கேரக்டர் கொஞ்சம் சென்சிட்டிவ் லா ஐயா. தூக்கிட்டா கதை நல்லா டைட்டா நிக்கும்" என்றார். ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னார் என்பதையும் கவனியுங்கள். சட்டத்தில் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அந்தத் துணிமூட்டைக்காரர் என் அத்தா. அதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். செமோர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்று விடாமல் சைக்கிளில் துணி விற்றவர். சம்பள நாளுக்கு மறுநாள் லயத்து வாசலில் மூட்டையைப் பிரித்தால் பெண்களெல்லாம் சூழ்ந்துகொள்வார்கள். அவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்றுதான் இந்த வயதில் பேனா பிடித்தேன். புத்தகத்தைப் படமாக்குகிறேன் என்று வந்தவர் அவரை மட்டும் வெளியே தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

தீபனிடம் சொல்லுங்கள், அத்தா சம்பளமே கேட்கவில்லை. மற்றபடி, என் வயிற்றெரிச்சலை நீல அட்டை, மஞ்சள் அட்டை என்று வகைப்படுத்தச் சொல்கிறீர்கள். அது எனக்கு வராது. பிள்ளைகளைப் புத்தகம் படிக்கச் சொல்லுங்கள், போதும்.

இப்படிக்கு,
ஷரபுதீன்


செமோர்
26 ஏப்ரல் 2025

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். ஆட்டுக்கறி வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். துணிமூட்டைக்காரர் உங்கள் அப்பா என்றதும் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தைப் புரட்டினார்கள். அதோடு முடிந்திருந்தால் நன்றி எழுதி நிறுத்தியிருப்பேன். இரண்டு நாளாக எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களிடம் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஷாமினி என்று ஒரு பெண். பதினோரு வயது, அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு நீல அட்டையில் "சாமி கோயில்" என்று எழுதிப் பலகையில் ஒட்டினாள். சரியான விடை. பாராட்டினேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அட்டையைக் காணோம். அவளே பிய்த்து உடுப்புப் பையில் வைத்திருக்கிறாள். மணி அடித்து எல்லாரும் போன பிறகு வந்து நின்றாள்.

"டீச்சர், புக்ல கோயில் இல்லைன்னா, அந்தச் சாமி பொய்யா?"

கதையில் இல்லை, படத்துக்காகச் சேர்த்தார்கள் என்று பாடம் நடத்தும் குரலிலேயே சொன்னேன்.

"அப்போ எனக்கு மறுபடியும் வருமா?"

பிறகு விசாரித்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். படப்பிடிப்பு நடந்தது இவர்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில். ஒரு மரத்தடியில் பலகையாலும் பிளாஸ்டராலும் முனீஸ்வரர் கோயில் போட்டிருக்கிறார்கள். படம் முடிந்ததும் பிரிக்க வேண்டும். ஆனால் கூலிக்கு வந்தவர்களில் ஒருவரும் சாமி உருவத்தில் கைவைக்கத் துணியவில்லை. நீ பிரி, நான் பிரி என்று தட்டிக்கழித்து, அப்படியே விட்டுவிட்டு லாரி ஏறிப் போய்விட்டார்கள். அடுத்த வாரமே யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு சூலம் வந்தது, தகரக் கூரை வந்தது. இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜை, சுருட்டுப் படையல்.

ஷாமினிக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள். அவள் அம்மா மங்களம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அதே கோயிலில் நேர்ந்துகொண்டு, தைப்பூசத்திலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகலாம் என்று என் தோழி, தாதியாக இருப்பவள், சொல்கிறாள்.

அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் வாசிப்பு வாரம். ஒரு மணி நேரம் வாருங்கள். பெற்றோரையும் அழைக்கிறோம். மாரியம்மா மருந்தால்தான் பிழைத்தாள், இந்தக் கோயில் என் கதையில் இல்லை என்று எழுதியவரே சொன்னால் மங்களம் கேட்பார். நான் சொன்னால் பாடம், நீங்கள் சொன்னால் அது வேறு.

தயவுசெய்து,
பிரமிளா


காம்பார்
3 மே 2025

டீச்சர்,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு என் மகள் ஷஹீதாவிடம் படத்தைப் போடச் சொன்னேன். அந்த மரத்தடிக் காட்சி வரை பார்த்தேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், அதுதான் சிக்கல். வலிப்பு நோயுள்ள பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய் பார்த்தாலும் அந்த மரத்தடிக்கு ஓடத்தான் செய்வாள்.

ஆனால் நீங்கள் கேட்பதை என்னால் செய்ய முடியாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் தொப்பி போட்ட பாய். உங்கள் பள்ளி மேடையில் ஏறி, பெற்றோர் முன்னால், உங்கள் முனீஸ்வரர் பலகை என்று நான் சொல்வதா? நான் சொல்லி முடிப்பதற்குள் யாராவது கைப்பேசியில் பிடித்துப் போட்டுவிடுவார்கள். முன்னும் பின்னும் வெட்டிவிட்டு அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஊர் சுற்றும். இந்த நாட்டில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூடியிருக்கிறது. என் கடையில் சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் ஆட்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பது என் மகன் ஹாபிஸ், இரண்டு பிள்ளைக்காரன். எனக்கு வயதாகிவிட்டது, அவன் பிழைக்க வேண்டும்.

தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் கோயில் ஆட்களில் நல்லவர் யாராவது இருந்தால் அவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று. சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பிள்ளை பாட்டுக்குச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அட்டை ஒட்டச் சொன்னது நீங்கள்.

ஷரபுதீன்


செமோர்
14 மே 2025

ஐயா,

நான்தான் அட்டை ஒட்டச் சொன்னேன். அதை நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

போன வாரம் உங்கள் கடைக்குப் போன் செய்தேன். "அவரு இல்ல டீச்சர்" என்றார்கள். பின்னால் உங்கள் குரல் கேட்டது. நீங்கள் சொன்னது சரிதான், சண்டை பிடிக்கிற மாதிரிதான் இருந்தது.

மங்களத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், இங்கே தாயும் மகளும்தான். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அந்தக் கோயில் படத்துக்காகப் போட்டது என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன்.

"தெரியும் டீச்சர். ஷூட்டிங் அன்னைக்கு கூட்டத்துல நானும் நின்னேன். படத்துல செவப்பு சேலை நான்தான், எனக்கு முன்னால ஒரு குண்டம்மா நின்னு மறைச்சிட்டாங்க. அந்தப் புள்ள கண்ணத் தொறந்தப்ப எனக்கு மெய்யாவே புல்லரிச்சிச்சு. பலகைன்னா என்னா? மத்த சாமியெல்லாம் மேலருந்தா எறங்கி வந்துச்சு?"

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அதைச் சாப்பிட்டால் பிள்ளை பெஞ்சிலேயே தூங்கிவிடுகிறாள், கணக்கில் பெயிலாகிவிட்டாள், தூங்குமூஞ்சி என்று கேலி செய்கிறார்கள் என்றார். "நிறுத்துனதுலேர்ந்து ஒரு தடவ கூட வரல. நீங்களே பாத்தீங்கதானே, இப்ப எப்பிடி முழிச்சிக்கிட்டு படிக்கிறா?" உண்மைதான் ஐயா. இந்த மாதங்களில்தான் ஷாமினி நன்றாகப் படிக்கிறாள். அதைச் சொன்னால் என் வழக்கு விழுந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

மறுநாள் பெற்றோர் வாட்சாப்பில் ஒரு செய்தி சுற்றியது. நம்ம சாமியைப் பொய் என்று பிரமிளா டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார், அட்டையில் எழுதி ஒட்டுகிறார். வகுப்புப் பலகையைப் படம் பிடித்து யாரோ போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "பாடத்த மூடிடுங்க பிரமிளா. வெளக்கம் ஒண்ணு எழுதிக் குடுங்க. எனக்கு எதுக்கு இந்தத் தலவலி?" என்றார். வாசிப்பு வாரத்துக்கு எழுத்தாளர் வருகையும் ரத்து. உங்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

வகுப்புப் பலகை இப்போது காலியாக இருக்கிறது. எனக்கு வேலை போய்விடுமோ என்றுகூடப் பயமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பயம் இரண்டாவதுதான். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் ஷாமினியின் நாற்காலியைப் பார்க்கிறேன். அவள் பென்சிலைக் கீழே போட்டால்கூட ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கிறேன்.

உங்கள் புத்தகத்தில் வரும் பாய், தூக்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டுத் தூக்கினார். அவரை எழுதியவர் வருவார் என்று நம்பியது என் தப்பு.

பிரமிளா


செமோர்
20 மே 2025

ஐயா,

போன கடிதத்தின் கோபத்தை மன்னித்துவிடுங்கள். இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

நேற்று இடைவேளையில் ஷாமினி சிற்றுண்டிச் சாலைப் படியில் விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, தலைக்கு என் கைப்பையை வைத்து, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நெற்றியில் ஐந்து தையல். ஆஸ்பத்திரியில் மங்களம், மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறோம் என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை, கொடுப்பதில்லை என்று டாக்டரிடம் நான் சொல்லிவிட்டேன். டாக்டர் அதட்டவில்லை, பொறுமையாக எடுத்துச் சொல்லி மறுபடியும் மாத்திரை கொடுத்தார். மங்களம் தலையை ஆட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "இத்தன மாசம் வரல டீச்சர். நீங்க அவ மனசுல சந்தேகத்தப் போட்டீங்க, சாமி கைய வுட்டுருச்சு. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

அவர் கொடுக்கப் போவதில்லை. பார்த்தாலே தெரிந்தது. இனி நான் அந்த வீட்டுப் படியில் காலெடுத்து வைக்க முடியாது. உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிரமிளா


காம்பார்
22 மே 2025

பிரமிளா டீச்சர்,

உங்கள் கடிதத்தைக் கல்லாவில் வைத்தே படித்தேன். ஹாபிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

என் புத்தகத்தில் வரும் பாய் யோசிக்காமல் தூக்கினார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அத்தா எல்லாத் தோட்டத்துக்கும் போவார், ஒரே ஒரு தோட்டத்தைத் தவிர. அதைத் தாண்டித்தான் அடுத்த ஊர். நேர்ப் பாதையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். அத்தா சுற்றுப் பாதையில், மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். நான் வாலிபனாக இருந்தபோது, ஏன் இந்த வீண் அலைச்சல் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாதான் சொன்னார்கள்.

மழை நாள்தான். லயத்து வாசலில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு. அதுவரை புத்தகத்தில் இருப்பது சரி. ஆண்கள் எல்லாரும் வேலைக்காட்டில். பிள்ளையின் தாய் ஓடி வந்து, பாய், சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று காலைப் பிடித்திருக்கிறாள். அத்தா பிள்ளையைப் பார்த்தார். வாயில் நுரை. வழியில் தன் முதுகில் வைத்தே செத்துப்போனால்? துணி விற்க வந்த துலுக்கன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான், பிணமாகக் கொண்டுவந்தான் என்று ஆகிவிட்டால்? அத்தா பயந்துவிட்டார். டயர் பஞ்சர் என்று சொன்னார். சொன்னது நிஜமாகத் தெரிய வேண்டுமே, அதற்காக லயம் கண்ணுக்கு மறைகிற வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அப்புறம் ஏறி மிதித்தார்.

துணிமூட்டை மழையில் நனையவே இல்லை, டீச்சர்.

அத்தா நல்லவர். என் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நல்லவர். அன்று ஒரு நாள் பயந்துவிட்டார். அதை மாற்றி எழுதினால் அவருக்கு நிம்மதி கிடைக்கும் என்று நினைத்துத்தான் அந்தப் புத்தகத்தையே எழுதினேன். படத்திலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள் என்று பார்த்தவரிடமெல்லாம் புலம்பினேன். உண்மையில் அந்த இடத்தில் அவர் இல்லைதானே.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். அதை முதலில் கேட்க வேண்டியவர் வேறு ஆள். இதையும் விரைவு அஞ்சலில் போடுகிறேன், சனிக்கிழமை வருகிறேன். ஷஹீதா வண்டி ஓட்டுவாள். பள்ளிக்கு வரவில்லை, மேடை வேண்டாம். மங்களத்தின் வீட்டு முகவரியை மட்டும் கடைக்குப் போன் செய்து சொல்லுங்கள். இந்த முறை நானே எடுக்கிறேன். நீங்கள் அங்கே வர வேண்டாம்.

பயமாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஷரபுதீன்


செமோர்
12 ஜூன் 2025

அன்புள்ள ஷரபுதீன் பாய்,

இப்படிக் கூப்பிடலாம்தானே? மங்களம் உங்களை அப்படித்தான் சொல்கிறார், எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை முழுக்க நான் வீட்டில் துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதவில்லை, மங்களமும் வாயைத் திறக்கவில்லை. பள்ளி விடுமுறையும் வந்துவிட்டது. ஷாமினியைப் பார்க்க வழியில்லாமல் தவித்தேன். நேற்று முன்தினம் பள்ளி திறந்ததும் மங்களம் பள்ளிக் கேட் அருகே எனக்காகக் காத்திருந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் பாய் வந்தாரு டீச்சர். செருப்ப வாசல்லயே கழட்டிட்டு நின்னாரு, ஒக்காரச் சொன்னா ஒக்காரல. அவர் மவதான் டீ குடிச்சிச்சு. பின்னால இருக்கிற கோயிலப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. மாத்திர குடுன்னும் சொல்லல. அவங்க அத்தா கதையச் சொன்னாரு. பஞ்சர்னு சொல்லிட்டுப் போனத சொன்னாரு. நான் கேட்டேன், அப்புறம் அந்தப் புள்ள?"

நீங்கள் எழுத மறுத்தது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"சாயங்காலமே போயிருச்சாம் டீச்சர். அந்தம்மா மடியிலயே வச்சிக்கிட்டு இருந்தாங்களாம், ஊரே சாமியக் கூப்பிட்டுச்சாம், யாரும் தூக்கிட்டுப் போகலையாம். அந்தப் பாய் அழுதாரு. பெரிய மனுசன் அழுதா பாக்க முடியல. போறப்ப சொன்னாரு: 'உங்க சாமி உங்ககிட்டயே இருக்கட்டும்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க அத்தா மாதிரி நீங்களும் பஞ்சர்னு சொல்லிடாதீங்க.'"

அன்றிலிருந்து மாத்திரை கொடுக்கிறாராம். விடுமுறையில் ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளை தூங்கிவிடுகிறாள் என்று தைரியமாகக் கேட்டிருக்கிறார். டாக்டர் வேறு மாத்திரை எழுதியிருக்கிறார். கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்றாராம். நெற்றித் தையல் பிரித்தாயிற்று, வடு தெரிகிறது.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று எழுத ஆசை. ஆனால் முழுதாக வரவில்லை, பாய். நேற்று கொடுத்தார், இன்றும் கொடுத்திருப்பார். ஒரு வாரம் நன்றாக இருந்து மறுபடி நிறுத்திவிட்டால்? வகுப்பில் நுழைந்ததும் இன்னும் அந்த நாற்காலியைத்தான் பார்க்கிறேன். என் விளக்கக் கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை. பிள்ளைகள், அந்தப் பாடம் எப்போது தொடரும் என்று கேட்கிறார்கள். மாரியம்மா புத்தகத்திலும் பிழைக்கிறாள், படத்திலும் பிழைக்கிறாள். இரண்டையும் ஒப்பிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நான், இனி அந்தப் புத்தகத்தை எந்த முகத்தோடு விரிப்பேன் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் வேறு. மங்களம் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். போகும் அவசரத்தில் கேட்க மறந்துவிட்டாராம். செத்துப்போன அந்தப் பிள்ளையின் பெயர் என்ன? புத்தகத்தில் இருப்பது நீங்கள் வைத்த பெயர் என்று அவருக்குத் தெரியும். உண்மைப் பெயர் வேண்டுமாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அந்த மரத்தடியில் அவளுக்கென்று தனியாக ஒரு விளக்குப் போட வேண்டுமாம். யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்கிறார்.

நீங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அன்புடன்,
பிரமிளா


காம்பார்
16 ஜூன் 2025

அன்புள்ள பிரமிளா,

பெயர் தெரியாது. அத்தா கேட்கவில்லை. பெயரைக் கேட்க நின்றிருந்தால் தூக்கியிருப்பார்.

அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தோட்டத்து ஆட்கள் பாகான் டத்தோ, ஈப்போ என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டும் பார்த்தேன். பிள்ளைகள் நிறையச் செத்தன பாய், எந்தப் பிள்ளை என்று கேட்கிறீர்கள் என்றார்கள்.

அதனால் மாரியம்மா என்றே சொல்லி ஏற்றட்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு மிச்சமிருக்கும் பெயர் அது ஒன்றுதான். நானும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அந்தப் பெயரைச் சொல்லியே துஆ கேட்கிறேன். மங்களம் தன் சாமியிடம் கேட்கட்டும். இதில் தப்பாக நினைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் மாத்திரைப் பை பிரிட்ஜ் மேல் இருந்தது, மேலே இரவு எட்டு மணி என்று எழுதியிருந்தது. மாத்திரை மாறினாலும் நேரம் அதேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பூஜையும் அந்த நேரத்தில்தான் நடக்கும். கூட்டத்தில், மணிச் சத்தத்தில் மறந்துவிடப் போகிறார். நீங்கள் அவரிடம் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். முதலில் மாத்திரை கொடுத்துவிட்டு அப்புறம் விளக்கு ஏற்றட்டும்.

ஷரபுதீன்